தோபித்தின் கண்களும் கடைச் சொட்டு மருந்தும்

மருந்து இட்டுக்கொண்டே பார்வையை இழந்த ஒரு மனிதரைத் திருவிவிலியம் நமக்குக் காட்டுகிறது. அவர் பெயர் தோபித்து. அநாதையாகக் கிடந்த ஒரு சடலத்தை இரவில் அடக்கம் செய்துவிட்டு, வெயிற்காலப் புழுக்கத்தினால் முகத்தை மூடாமல் முற்றத்துச் சுவரோரம் படுத்தார். சுவர்மேல் இருந்த குருவிகளின் எச்சம் அவர் கண்களில் விழுந்தது, வெண்படலம் படர்ந்தது. மருத்துவர்களைத் தேடிச் சென்றார். அவர்கள் களிம்பு தடவத் தடவப் படலம் தடித்தது. இறுதியில் பார்வையே அற்றுப்போயிற்று. இரக்கச் செயல் புரிந்த கைகளுக்கு இருட்டு பரிசாக வந்ததே என்று அந்நூலை வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சம் கனக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே கண்களில் மீண்டும் ஒரு மருந்து இடப்படுகிறது. இம்முறை அதனை இடுபவன் அவர் பெற்ற மகன் தோபியா; இடச் சொன்னவர் வானதூதர் இரபேல். மீனின் பித்தநீர் கண்ணில் பட்டவுடன் எரிச்சல் உண்டாகிறது; வெண்படலம் உரிந்து விழுகிறது; தந்தை மகனைக் கண்டு அழுகிறார். முன்னது மருந்து, பின்னதும் மருந்துதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? பின்னதன் பின்னால் அறிவு இருந்தது; அந்த அறிவின் பின்னால் அன்பும் பொறுப்பும் இருந்தன. இந்த வேறுபாட்டைப் பற்றியே இம்மாதம் வாசகர்களோடு சற்று உரையாட விழைகிறோம்.

நாம் பணியாற்றும் திருவேங்கடம் பகுதி கரிசல் பூமி. மழையை நம்பிய வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலுமே பெரும்பாலான இல்லங்களில் அடுப்பெரியச் செய்பவை. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் என்று பருவத்திற்கொரு பயிர். குனிந்து களையெடுக்கும் பெண்களின் முகத்தைத் தோகை கீறுகிறது. கதிரடிக்கும் காலத்தில் தூசும் உமியும் கண்ணில் விழுகின்றன. கண்ணில் ஏதேனும் விழுந்தால் முன்னாட்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சுவார்கள், நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். இன்று அவ்விடத்தை ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் புட்டி பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்குப் போய், "கண் சிவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க" என்றால் கிடைத்துவிடுகிறது. எந்தக் கண், எதனால் சிவந்தது, எத்தனை நாளாக என்று கேட்பார் எவருமில்லை.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். வயது ஐம்பதைத் தாண்டியவர். மக்காச்சோளக் காட்டில் வேலை செய்கையில் தோகை ஒன்று வலக்கண்ணைக் கீறிவிட்டது. மாலையில் கடையில் சொட்டு மருந்து வாங்கி இட்டார். சிவப்புத் தணிந்தது, உறுத்தல் குறைந்தது, மறுநாளே வேலைக்குப் போனார். நான்காம் நாள் வலி தொடங்கியது. மருந்தை அதிகமாக இட்டார். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனபோது இரண்டு வாரம் கடந்திருந்தது. அது பூஞ்சையினால் வந்த புண் என்றார்கள். உயிர்க்கு ஆபத்தில்லை, கண்ணும் அதன் குழியிலே இருக்கிறது, ஆனால் அதில் ஒளி இல்லை.

அவரை இல்லத்தில் சந்தித்தபோது அவர் எவரையும் குறை கூறவில்லை. "மூணு நாளு மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு சாமி. அதான் நம்பிட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்த விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏனெனில் அந்த மருந்து மூன்று நாள் கேட்டது உண்மை. கேட்டதுதான் கேடாய் முடிந்தது.

இதனைச் சற்று விளக்க வேண்டும. கண் சிவப்பதும் வீங்குவதும் நோயன்று. நோயை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் அடையாளம். ஸ்டீராய்டு என்னும் வகையைச் சேர்ந்த மருந்துகள் அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் வேறு சில நோய்களிலும் மருத்துவரின் கையில் அவை பெரும் நன்மை செய்பவை. ஆனால் தோகை கீறிய இடத்தில் பூஞ்சை குடியேறியிருக்கும்போது அவற்றை இட்டால், காவற்காரனின் கையைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டதற்கு ஒப்பாகும். வெளியே சிவப்பு மறைகிறது. உள்ளே புண் ஆழமாகிறது. நம் தென்மாவட்டங்களில் இந்த ஆபத்து மிகுதி. 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரையில், கிருமி கண்டறியப்பட்டோருள் ஏறக்குறையச் சரிபாதிப் பேருக்குப் பூஞ்சையே காரணம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். பெரும்பாலோர் கண்ணில் முன்னதாக ஏதேனும் அடிபட்டவர்கள். குளிர்நாடுகளில் அரிதான பூஞ்சைப் புண், வயலில் உழைக்கும் நம் மக்களுக்கு அன்றாட அபாயம்.

அந்தத் தாயின் வீட்டில் நம்மை அதிரச் செய்த இன்னொன்றும் உண்டு. மாதா படம் வைத்திருந்த மாடத்தில், எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில், அந்தப் புட்டி இன்னும் இருந்தது. "பேத்திக்கு ரெண்டு நாளா கண்ணு சிவந்திருக்கு சாமி. மிச்சம் கிடக்கே, வீணாப் போகுதேன்னு எடுத்து வச்சேன்" என்றார். தன் கண்ணைக் குடித்த மருந்தை, கண்ணின் மணியாகிய பேத்திக்கு இட அவர் நினைத்தது அறியாமையால் மட்டுமன்று. காசு கொடுத்து வாங்கிய பொருளை எறியக் கூசும் ஏழ்மையாலும்தான். புட்டியை வாங்கிப் பார்த்தோம். ஸ்டீராய்டும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் அச்சிடப்பட்டிருந்தது. எறும்பு ஊர்வதைப்போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில்!

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும் இத்தகைய மருந்துகளை 'எச் அட்டவணை' என்னும் பட்டியலில் வைத்து, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுக்கே விற்க வேண்டும் என்று விதித்திருக்கின்றன. ஏட்டிலே இருக்கும் அந்த வேலி நாட்டிலே பல இடங்களில் சாய்ந்து கிடக்கிறது என்பதை யாவரும் அறிவோம். இதனால் நம் மக்கள், தாராளமாக விற்கத்தக்க மருந்து எது, சீட்டின்றி விற்கலாகாத மருந்து எது என்று பிரித்தறியும் வாய்ப்பையே இழந்துவிட்டார்கள். கடையில் கிடைப்பதெல்லாம் கேடற்றது என்று எண்ணிவிடுகிறார்கள்.

பூஞ்சைப் புண்ணாவது வலித்து எச்சரிக்கிறது. வலிக்காமல் வரும் கேடு இன்னும் கொடியது. சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையினால் கண் ஓயாமல் அரிக்கும், வெயிற்காலத்தில் மிகும். ஒருமுறை மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அதன்பின் பெற்றோர் தாமாகவே மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில் வாங்கி இடுவதுண்டு. அரிப்பு அடங்குவதால் பிள்ளை சிரிக்கிறது, பெற்றோர் மகிழ்கிறார்கள். உள்ளே கண்ணின் நீரழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பை அரித்துக்கொண்டிருக்கிறது, கண்புரையும் உருவாகலாம். புரையை அகற்றலாம், அழிந்த நரம்பை மீட்க எந்த மருத்துவராலும் இயலாது.

'மெட்ராஸ் ஐ' பரவும் காலத்தில் சொட்டு மருந்து விற்பனை எப்படி ஏறுகிறது என்பதையும் கண்டிருக்கிறோம். 1918-இல் சென்னையில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்ற இந்த விழிவெண்படல அழற்சி பெரும்பாலும் வைரசினால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி வைரசை ஒன்றும் செய்யாது. பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரத்தில் தானே தணிகிறது. தணிந்ததும் புகழ் மருந்துக்குச் சேர்கிறது! அதோடு நிற்பதில்லை. ஒரே புட்டியை வீடு முழுவதும், சில வேளை தெரு முழுவதும் பகிர்ந்துகொள்கிறார்கள். புட்டியின் நுனி ஒருவர் இமையில் பட்டு அடுத்தவர் இமைக்குப் போகும்போது, பகிரப்படுவது மருந்து மட்டுமன்று, நோயும்தான். பகிர்தல் நம் மறையின் உயிர்நாடி. ஆயினும் பகிரலாகாத பொருள்களும் உண்டு. கண் மருந்து அவற்றுள் ஒன்று.

கண்ணில் விட்டது கண்ணோடு நின்றுவிடும் என்ற எண்ணமும் பிழையானது. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்கிற்குச் செல்லும் நுண்ணிய குழாய் வழியே மருந்து இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. நீரழுத்த நோய்க்கு மருத்துவர்கள் தரும் டிமோலால் என்னும் சொட்டு மருந்து ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கவல்லது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நன்மை செய்த அதே புட்டி, அடுத்த வீட்டுப் பாட்டியை மூச்சுக்குத் தவிக்கச் செய்யக்கூடும். சிவப்பை மறைக்கும் 'வெளுப்பு' மருந்துகளோ இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. பல நாள் தொடர்ந்து இட்டு நிறுத்தினால் முன்னிலும் மிகுதியாகச் சிவக்கும். மீண்டும் மருந்து, மீண்டும் சிவப்பு என்று செக்குமாட்டைப்போல் சுற்ற வேண்டியதுதான். குழந்தைகள் அவற்றைத் தவறிக் குடித்துவிட்டால் மயக்கமும் நாடித் தளர்ச்சியும் நேரும்.

சரி, ஸ்டீராய்டு இல்லை, நுண்ணுயிர்க்கொல்லி இல்லை. வறண்ட கண்ணுக்கு ஈரமூட்டும் வெறும் செயற்கைக் கண்ணீர்தானே, அதில் என்ன அபாயம் என்று கேட்கலாம். இக்கேள்விக்கு 2023-ஆம் ஆண்டு ஒரு துயரமான விடை கிடைத்தது. அவ்விடையில் நம் தமிழ்நாட்டின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூரில் ஆலை கொண்ட குளோபல் பார்மா ஹெல்த்கேர் என்ற நிறுவனம் செய்து, அமெரிக்காவில் எஸ்ரிகேர் முதலிய பெயர்களில் சீட்டின்றி விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் அது. எம்மருந்துக்கும் எளிதில் அடங்காத சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா ஒன்று அங்குப் பல மாநிலங்களில் தோன்றியது. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் தேடிச் சென்றபோது, நோயுற்றோர் பலர் இந்தக் கண்ணீரைப் பயன்படுத்தியவர்கள் என்பது தெரியவந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு மே மாதக் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் தொற்றுக்கு ஆளாகினர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வரின் கண்ணையே அகற்ற நேர்ந்தது, நால்வர் இறந்தனர். நம் மாநில அலுவலர்கள் தாம் சோதித்த மாதிரிகளில் மாசு காணப்படவில்லை என்று கூறியதாகச் செய்திகள் வந்தன. ஆனால் ஆலையை நேரில் ஆய்ந்த அமெரிக்க மருந்துத் துறையினரோ, கிருமியற்ற நிலையை உறுதிசெய்யும் முறைகள் அங்குப் போதுமானவையாக இல்லை என்று பதிவு செய்தார்கள். பல முறை திறந்து மூடும் அப்புட்டியில், கிருமி வளராமல் காக்கும் பொருள் சேர்க்கப்படாமையும் ஒரு குறையாகச் சுட்டப்பட்டது.

இச்செய்தியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உண்ணும் மருந்தில் சிறு மாசு இருந்தால் வயிற்றின் அமிலமும் ஈரலும் அதனோடு போராடும். கண்ணில் இடும் துளிக்கு அத்தகைய வலிய காவல் இல்லை. ஆதலால்தான் கண் மருந்து முற்றிலும் கிருமியற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கிருமியற்ற தன்மையை வாங்குபவர் எப்படிச் சோதிப்பார்? நிறம் பார்க்க முடியாது; முகர்ந்து பார்க்க முடியாது. அழுகிய கத்தரிக்காயைச் சந்தையில் ஒதுக்கிவிடலாம். மாசுற்ற துளியை ஒதுக்க வழியில்லை. எங்கோ ஓர் ஆலையில், மேற்பார்வையாளர் திரும்பி நிற்கும் வேளையிலும், ஓர் ஊழியர் இயந்திரத்தை விதிப்படி கழுவினார் என்ற நம்பிக்கையின் மேலேயே கடல்கடந்த ஒரு மூதாட்டியின் கண் நிற்கிறது. எவரும் காணாத வேளையில் செய்யும் வேலையின் நேர்மையைத்தானே நம் மறை மனச்சான்று என்கிறது? திருப்பலியில் காணிக்கைக்குப் பின் குருவானவர் கைகழுவும்போது, அகத்தூய்மை வேண்டி மெல்லிய குரலில் மன்றாடுவது வழக்கம். மருந்தாலையில் கைகழுவுவதும் ஒருவகையில் மன்றாட்டே. அதனை விட்டுவிடுவதும் ஒருவகைப் பாவமே.

விளம்பரத்திற்கும் இதில் பங்குண்டு. 2024-இல் பிரெஸ்வியூ என்ற பெயரில், மும்பையைச் சேர்ந்த என்டோட் நிறுவனம் ஒரு சொட்டு மருந்தை அறிவித்தது. வெள்ளெழுத்துக்கு மூக்குக்கண்ணாடியின் தேவையையே குறைத்துவிடும் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. ஆகஸ்டு 20-இல் தந்த அனுமதியைச் செப்டம்பர் 10-இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டாளர் நிறுத்திவைத்தார். மருத்துவர் சீட்டுக்கே உரிய மருந்து, கடையில் எவரும் வாங்கலாம் என்பதுபோல் மக்களிடையே பரவிவிடுமே என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு துளியில் அற்புதம் நிகழ வேண்டும் என்ற ஏக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. வணிகம் அதனை நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவருக்கு ஆண்டவர் இயேசுவே இருமுறை கைவைத்துப் படிப்படியாகவே பார்வை அளித்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவசரம் நம்முடையது, ஆண்டவருடையதன்று.

இவ்வளவும் எழுதிவிட்டு, "ஏன் மருத்துவரிடம் போகவில்லை?" என்று ஏழையைக் கேட்பது எளிது. சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ சென்று திரும்ப ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பேருந்துச் செலவு வேறு. மருந்துக்கடையோ தெருமுனையில் இருக்கிறது. கடைக்காரர் தம்பி முறையாகவோ மாமன் முறையாகவோ இருக்கிறார். ஏழையின் முடிவு மடமையால் எடுக்கப்பட்டதன்று. கணக்குப் பார்த்தே எடுக்கப்பட்டது. ஆனால் கண் போனபின் வரும் இழப்பு அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்துக் காட்டுவது நம் கடமை.

நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. நேபாளத்தின் பக்தபூர் பகுதியில், சிற்றூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்து, கருவிழியில் கீறல் பட்டவர்களை உடனே கண்டறிந்து உரிய நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பை மூன்று நாள் இடச் செய்தார்கள். 18 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என்று 2001-இல் எழுதினார்கள். ஆகவே மருந்து பகையன்று. சிற்றூரில் மருந்து கிடைப்பதும் பகையன்று. காலத்தோடு, தெரிந்தவர் கையால், தக்க மருந்து கிடைப்பதே கண்ணைக் காக்கிறது. தோபித்துக்கு நேர்ந்ததும் அதுதானே! நம் பகுதியின் பேறு, உதவி வெகுதொலைவில் இல்லை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை 1988 முதல் திருநெல்வேலியிலும் பணியாற்றுகிறது; தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் அதன் பார்வை மையங்களும் உள்ளன. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

எனவே நம் இல்லங்களில் சில ஒழுங்குகள் வேண்டும். கண்ணில் தோகையோ உமியோ முள்ளோ பட்டு, மறுநாளும் வலியிருந்தால், அல்லது பார்வை மங்கினால், அல்லது வெளிச்சம் கூசினால், அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. சீட்டில்லாமல் சொட்டு மருந்து வாங்க நேர்ந்தால், "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள். முத்திரை உடையாத புட்டியையே வாங்குங்கள். காலாவதி நாளைப் படித்த பிள்ளையைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். திறந்த நாளைப் புட்டியின் மேல் எழுதிவைத்து, ஒரு மாதம் ஆனால் எறிந்துவிடுங்கள். கையைக் கழுவி, புட்டியின் நுனி எதிலும் படாமல், ஒரு துளி மட்டும் விடுங்கள். கண் ஒரு துளிக்கு மேல் தாங்காது, மிஞ்சியது கன்னத்தில் வழியும். விட்டபின் கண்ணை மூடி, உள்மூலையை விரலால் ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் மருந்து ஒருவருக்கே. பழைய சீட்டைக் கொண்டு புதிய நோய்க்கு மருந்து வாங்காதீர்கள்.

மருந்துக்கடை நடத்தும் நம் சகோதரர்களிடமும் ஒரு விண்ணப்பம். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் ஞான நூல் அதே இடத்தில் மருந்து கலப்பவரையும் நினைவுகூர்கிறது. அவர்தம் உழைப்பின் வழியாகவும் ஆண்டவரின் நலம் மண்ணுலகில் தொடர்கிறது என்கிறது. அத்துணை உயர்ந்த இடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். "இதற்கு நான் மருந்து தரமாட்டேன் அம்மா, மருத்துவரிடம் போங்கள்" என்று ஒரு நாள் நீங்கள் கூறும் சொல், இருபது ரூபாய் வணிகத்தை இழக்கச் செய்யலாம். ஒரு கண்ணைக் காத்துவிடும். உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள் என்றும், பிறர் தேவையையும் பொதுநலத்தையும் கருதி அவற்றைப் பேண வேண்டும் என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2288-ஆம் எண்ணில் போதிக்கிறது. அயலாரின் கண்ணும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதே.

பார்வைக்குப் பாதுகாவலியான புனித லூசியாவின் திருநாள் டிசம்பர் 13. அன்று கண் நோயாளர்க்காகச் செபிப்பது வழக்கம். வேளாங்கண்ணி முதலிய திருத்தலங்களில் வெள்ளித் தகட்டில் கண் உருவம் செய்து காணிக்கை வைப்போரும் உண்டு. இவ்வாண்டு அந்தச் செபத்தோடு ஒரு செயலையும் சேர்க்கலாமென்று நம் அன்பியக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டு மாடத்திலும் கிடக்கும் பழைய சொட்டு மருந்துப் புட்டிகளை அன்று எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து அகற்றிவிடுவது. இளைஞர்களுள் ஒருவர், கண்ணில் அடிபட்டவரை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்பது. போகிறவரின் ஒரு நாள் கூலியைப் பங்கின் ஏழைகள் நிதியிலிருந்து ஈடுசெய்வது.

அந்தத் தாயின் பேத்தியை மறுநாளே மருத்துவரிடம் காட்டினார்கள். சாதாரண அழற்சிதான், சில நாளில் தெளிந்துவிட்டது. பாட்டி இப்போது ஒற்றைக் கண்ணால் ஊசியில் நூல் கோக்கச் சிரமப்படுகிறார். பக்கத்தில் அமர்ந்து பேத்தி கோத்துக் கொடுக்கிறாள். தோபித்துக்கு ஒரு தோபியா இருந்ததுபோல் நம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தோபியா எழட்டும். இரபேல் என்ற பெயருக்கு 'இறைவன் குணமாக்குகிறார்' என்பது பொருள். தெரிந்தவர் சொற்கேட்டு, அன்புடையவர் கைப்பிடித்து நடக்கும் வழியிலேதான் அந்தக் குணம் நம்மை வந்தடைகிறது.